எட்டு ராத்தல் தீபாவளி

இந்தத் தீபாவளிக்கு வாயைக் கட்டுவது என்று நான் சபதம் செய்தேன். அதாவது, மனைவி விருத்தாம்பாள் செய்யச் சொன்னாள், நான் செய்தேன். எங்கள் வீட்டில் சபதங்கள் அப்படித்தான் உற்பத்தியாகின்றன.

எல்லாம் டாக்டரால் வந்த வினை. என் வயிற்றைத் தட்டிப் பார்த்தவர், "எடை கூடக் கூடாது" என்பதை என்னிடம் சொல்லியிருக்கலாம். என் மனைவியிடம் சொன்னார்.

"பலகாரம் எப்பவும் போல சுடுவேன் மாமா," என்றாள் அவள். அக்கா மகளைக் கட்டினால் கடைசிவரை மாமாதான். "நீங்களே பாத்து அளவாத் தின்னுங்க. ஆனா முன்னாடி ஒருவாட்டி எடை, பின்னாடி ஒருவாட்டி எடை. ஏறியிருந்துச்சு, பொங்கல் வரைக்கும் மூணு வேளையும் கேவுருக் கூழுதான்!"

விருத்தாம்பாளின் அதிரசம் கடலூர் வரைக்கும் பேர் வாங்கியது. அதை அளவாகத் தின்ன என்னால் முடியாது. நேரே கடைத்தெருவுக்கு ஓடினேன்.

என் சிநேகிதன் ஜமாலுதீனுக்கு மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. சர்க்கார் கிலோவைக் கொண்டுவந்த பிறகு, பழைய ராத்தல் கற்கள் அங்கே மூலையில் தூங்கிக்கொண்டிருந்தன.

"ஜமாலு, ரெண்டு ராத்தல் கல்லு நாலு குடு."

"அத வச்சி நிறுத்தா இன்ஸ்பெக்டர் புடிச்சிக்குவாரு மச்சான்!"

"நான் எங்க நிறுக்கப் போறேன்? என்னையில்ல நிறுக்கப் போறாங்க!"

விளக்கினேன். முதல் எடைக்குக் கல்லோடு ஏறுவேன். இரண்டாம் எடைக்குக் கல் இல்லாமல் ஏறுவேன். நடுவில் எட்டு ராத்தல், அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல், அதிரசத்துக்கு இடம். ஜமாலுதீன் விழுந்து விழுந்து சிரித்தான். தன் இடுப்பிலிருந்த அகலமான பச்சை பெல்ட்டையே அவிழ்த்துக் கொடுத்தான். உள்ளேயிருந்து அவன் மனைவி ரஹ்மத் பீவி சிரிப்பதும் கேட்டது. என் மூளைக்கு இத்தனை ரசிகர்களா என்று பூரித்துப் போனேன்.

மறுநாள் சிதம்பரம் ரயில்வே ஸ்டேஷன். கற்களை பெல்ட்டில் செருகி, மேலே தொளதொளவென்று சட்டை போட்டிருந்தேன்.

"ஏன் மாமா, புள்ளத்தாச்சி மாதிரி நடக்குறீங்க?"

"வாயுப் புடிப்பு."

எடை மிஷினில் காசு போட்டாள். சீட்டு விழுந்தது. எண்பத்திரண்டு கிலோ. பின்பக்கத்தில் ஜோசியம்: 'உங்கள் நேர்மை பலராலும் போற்றப்படும்.'

தீபாவளி வந்தது. நான் தின்றேன். அதிரசம் மட்டும் பதினெட்டு. முறுக்கையும் சோமாசியையும் கணக்கில் சேர்க்கவில்லை. "இன்னொண்ணு வைக்கட்டா மாமா?" என்று அவளே கேட்டுக் கேட்டு வைத்தாள். இப்படியொரு மனைவியை ஏமாற்றுகிறோமே என்று எனக்குக் கண்கூடக் கலங்கியது. கலங்கிய கண்ணோடு இன்னும் இரண்டு தின்றேன்.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஸ்டேஷனுக்குப் போனோம். அவள் கையில் மூடி போட்ட தூக்கு ஒன்று ஆடியது.

"அதுல என்ன விருத்தா?"

"மொதல்ல எடை."

அல்வா! வெற்றி வீரனுக்குப் பரிசு! துள்ளி ஏறினேன். எண்பது கிலோ.

"ஐயையோ மாமா!" என்று கன்னத்தில் கை வைத்தாள்.

"கூறுகெட்டவளே, ரெண்டு கிலோ எறங்கியிருக்கு! சந்தோஷப்படு!"

"எப்புடி சந்தோஷப்படறது? இருவது அதிரசம் தின்னுட்டு ஒருத்தன் எளைச்சான்னா அது சக்கரை வியாதியாம். டாக்டரு சொன்னாரு. நடங்க ஆஸ்பத்திரிக்கு! தெனம் ஒரு ஊசி. ஆயுசுக்கும் அதிரசத்தக் கண்ணால பாக்கக் கூடாது."

ஆயுசுக்குமா!

"வியாதியெல்லாம் ஒண்ணுமில்ல விருத்தா," என்றேன் மெதுவாக. "போன தடவ இடுப்புல எட்டு ராத்தல் கல்லு இருந்துச்சு."

"அப்ப நெஜமா எளைக்கல?"

"இல்ல. ஒரு ஒண்ணரைக் கிலோ ஏறியிருக்கேன். ஆளு திடமாத்தான் இருக்கேன்!"

"அப்பாடா," என்று பிளாட்பாரத்து பெஞ்சியில் உட்கார்ந்தாள். முகத்தில் கவலையே இல்லை. "கல்லு வாங்கின அன்னைக்கே ரஹ்மத் அக்கா வந்து சொல்லிட்டாங்க மாமா. ஒங்க வாயால வரட்டும்னுதான் இருந்தேன்."

தூக்கைத் திறந்தாள். கேவுருக் கூழ். தொட்டுக்கொள்ள உரித்த வெங்காயமும் வைத்திருந்தாள், எண்ணி நாலு.