கொக்கு வண்டிக்காரரின் ஜெர்மனி

ஜெர்மனியை ஆண்டவர்களுக்கே தெரியாத ஜெர்மனி, கம்பத்துக்கும் தேனிக்கும் மாட்டுவண்டி ஓட்டிய ஒரு மனிதருக்குத் தெரியும். அடித்துச் சொல்வேன். ஊருக்கெல்லாம் அவர் 'கொக்கு வண்டிக்காரர்'.

முதல் யுத்தத்தில் பட்டாளத்துக்குக் கோவேறு கழுதை ஓட்டப் போய், எதிரியிடம் சிக்கி, ஜெர்மனியில் ஏதோ ஒரு சின்ன ஊரில் கைதியாகக் கிடந்தவர். திரும்பி வந்ததும் அந்த ஊரின் சின்னத்தைத் தன் வண்டியின் பின்பலகையில் வரைய வைத்தார். சிவப்புத் தரையில் ஒற்றைக்காலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. தூக்கிய காலில் ஒரு கல்.

"மாட்டுக்குச் சூட்டுக்குறி போடுறோம்ல, அது கணக்கா அங்கன ஊருக்கே ஒரு குறி. ஒருநா கோட்டைவாசல்ல காவக்காரன் அசந்துட்டான். எதிரி வந்துட்டான். பக்கத்துல நின்ன கொக்கும் கண்ணசர, கால்ல இருந்த கல்லு விழுந்துச்சு பாரு, டொக்குன்னு! காவக்காரன் முழிச்சான், ஊரு பொழச்சுச்சு!"

மிளகாய் மூட்டை ஏற்ற வந்தவர்கள் மூட்டையை மறந்து வாய் பிளந்து நிற்பார்கள். எத்தனை தடவை கேட்டாலும் எனக்கும் புல்லரிக்கும். ஒருமுறை பெயின்டர், சிவப்பு தீர்ந்துவிட்டதென்று நீலத்தை அடித்துவிட்டார். "தரை மாறுனா ஊரே மாறிப்போகும்யா!" என்று மொத்தத்தையும் சுரண்ட வைத்துவிட்டார் மனிதர்.

அடுத்த யுத்தம் வந்தது. வண்டியில் ஜெர்மனி அடையாளம் இருப்பதாக எவனோ மொட்டைப் பெட்டிஷன் போட்டான். நான் அப்போது போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர். வண்டியோடு அவரை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புதிதாக வந்த இன்ஸ்பெக்டர் கொக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"காலில் வெடிகுண்டு வைத்திருக்கிறதே! எதிரி ஏரோப்ளேன் ஜாடையா? விசாரித்து வாக்குமூலம் எழுதும். ஜெர்மனி என்று ஒரு வார்த்தை வந்தால் ஆள் ஜெயிலுக்கு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

நான் வண்டிக்காரரின் காதோரம் குனிந்தேன். "அண்ணே, கண்மாய்க் கொக்குன்னு மட்டும் சொல்லிருங்க. விட்டுருவாரு."

"அதெப்படி ரைட்டரய்யா? காய்ச்சல்ல நான் சாகக் கெடந்தப்ப, தங்களுக்கே பத்தாத ரொட்டியில பாதியப் பிச்சுக் குடுத்தாக அந்த ஊர்க்காரக. அவுக கொக்க நம்ம கண்மாய்க் கொக்குன்னு சொல்லவா?"

அடேயப்பா! ஜெயில் வாசலில் நின்றுகொண்டு பேசுகிற பேச்சா இது? கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. கும்பிடாமல் எழுதினேன்: 'மேற்படி படத்தில் உள்ளது உள்ளூர்க் கண்மாய்க் கொக்கு. காலில் உள்ளது கெளுத்தி மீன்.'

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பெருவிரலில் மை தடவி ரேகை வைக்கப்போனவர், சட்டென்று நிறுத்தினார்.

"அவுக ரொட்டி குடுத்ததையும் எழுதிட்டீகளா?"

"எல்லாம் எழுதிட்டேண்ணே" என்றேன், தலை நிமிராமல்.

அன்றைக்கே வண்டி கொக்கோடு வீடு போய்ச் சேர்ந்தது. சர்க்கார் காகிதத்தில் நான் எழுதிய பொய்யை நினைத்து ஒருநாளும் வருந்தியதில்லை. அவரிடம் சொன்ன பொய்தான் இன்னும் உறுத்துகிறது.