ரொட்டிக்கடைக்காரர் ரொட்டி தின்னாத எண்பத்து நான்கு நாள்

என்னைவிட ஐந்து வயது மூத்தவளும், ஐம்பது வயது மூத்தவளைப் போல் எனக்கு உத்தரவு போடுகிறவளுமான அக்காவுக்கு,

தம்பி மிகுந்த அடக்கத்தோடு எழுதுவது. இங்கே நான், என் மனைவி, பெண்கள் இருவர், மாமனார், கடை அடுப்பு உட்பட அனைவரும் நலம். வெறுமனே நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய் என்பதால் எடை போட்டே எழுதுகிறேன்: இன்று காலை எண்பது கிலோ, செருப்பைக் கழற்றிவிட்டு. அங்கே உன் கால் வீக்கம் வடிந்ததா, ஆஸ்பத்திரிக் கட்டில் முதுகைப் படுத்துகிறதா, பக்கத்துக் கட்டில்காரியோடு சண்டையா சமாதானமா என்பதையெல்லாம் அறிய ஆவலாக இருக்கிறேன். மரியாதை இத்துடன் முடிந்தது. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மகள் போன் செய்தாள். குரலே சரியில்லை. "மாமா, அம்மா ஆபரேஷன் வேணாங்கறாங்க. உங்க ஈரல் வேணாமாம். 'என் தம்பி ரொட்டி போடறவன், நாளெல்லாம் ரொட்டியப் பாத்துக்கிட்டே காலிஃப்ளவர் திங்கறான், கடையும் படுத்துடுச்சாம், எனக்காக ஒருத்தன் கெட வேணாம்'னு டாக்டர்கிட்டயே சொல்லிட்டாங்க" என்றாள். அப்போது நான் தின்றுகொண்டிருந்ததும் காலிஃப்ளவர்தான். கோபத்தில் கரண்டியை வைத்துவிட்டேன். வீணாகப் போகக்கூடாதே என்று பிறகு எடுத்துத் தின்றேன். அக்கா, இது உனக்கே நியாயமாகப் படுகிறதா? எண்பத்து நான்கு நாள். இந்த எண்பத்து நான்கு நாளில் நான் தின்னாமல் விட்ட உருளைக்கிழங்கை யார் திருப்பித் தருவார்கள்? வேண்டாம் என்று சொல்வதற்கு முன்னால், வேண்டாம் என்று நீ தள்ளுவது என்ன சரக்கு, அது எப்படித் தயாரானது என்பதாவது உனக்குத் தெரிய வேண்டாமா? அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்தே சொல்கிறேன். உன் ஈரல் கெட்டுவிட்டது, உடன்பிறந்தவர் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி வைத்தால் பிழைத்துக்கொள்வாய், மிச்சமும் வைத்ததும் இரண்டுமே திரும்ப வளர்ந்துவிடும் என்று உன் டாக்டரம்மா சொன்ன அன்று, எனக்கும் உனக்கும் ரத்த வகை பொருந்தியது. குணம் பொருந்தாததை யாரும் சோதிக்கவில்லை. பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்க ஈரல்ல கொழுப்பு நிறைய இருக்கு, இப்படியே எடுத்து வைக்க முடியாது" என்றார். எனக்குக் கொழுப்பு என்று நீ சின்ன வயதிலிருந்து சொல்லி வந்ததை அந்த மெஷின் இருபது சதவீதம் என்று அச்சடித்தே கொடுத்துவிட்டது. "மூணு மாசம் அவங்களை மருந்துல பாத்துக்கறோம். அதுக்குள்ள நீங்க மாவு, சர்க்கரை, உருளைக்கிழங்கு, சோறு எல்லாத்தையும் ஒதுக்கிட்டு உடம்பைக் குறைச்சுட்டு வாங்க. ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். "பேக்கரி வச்சிருக்கேங்க" என்றேன். அவர் பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சற்று நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் உன் தம்பி மனைவி ஆஸ்பத்திரியில் கொடுத்த உணவுப் பட்டியலை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். தின்னக்கூடாதது ஒரு பக்கம் முழுக்க, தின்னலாம் என்பது அரைப் பக்கம். அந்த அரைப் பக்கத்தில் அவள் கண் காலிஃப்ளவரில் நிலைத்தது, அங்கிருந்து இன்றுவரை நகரவில்லை. துருவினால் சோறாம், மசித்தால் உருளைக்கிழங்காம், முட்டை கலந்து தட்டிச் சுட்டால் ரொட்டியாம். முப்பது வருஷம் ரொட்டி போட்டவன் எதிரே அதைத் தட்டில் வைத்து, "கண்ணை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க, ரொட்டி மாதிரியே இருக்கும்" என்றாள். கண்ணை மூடினேன். மூக்கு திறந்துதானே இருந்தது. பெண்கள் இருவருக்கும் அப்பாமேல் இரக்கம் வந்து, என் எதிரே பிஸ்கட் தின்பதில்லை என்று முடிவு செய்து, குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு தின்கிறார்கள். நான் குளிக்கப் போனால் தரையில் துகள் கிடக்கும். ஒரு துகளைப் பார்த்தாலே அது வியாழக்கிழமை போட்ட வெண்ணெய் பிஸ்கட், ஓரம் கொஞ்சம் சிவந்துவிட்ட தட்டு என்று எனக்குத் தெரிந்துவிடுகிறது. தொழில் தெரிந்தவனுக்குத்தான் பட்டினியும் பெரிசு.

வீடாவது பரவாயில்லை, கடையைக் கேள். ஒவ்வொரு ஈடு ரொட்டியிலும் ஒரு கிள்ளு வாயில் போட்டுப் பார்த்தால்தான் உப்பும் புளிப்பும் சரியா என்று எனக்குத் தெரியும். அந்த வாயை அடைத்துவிட்டதால், ருசி பார்க்கும் பொறுப்பை மாமனாரிடம் ஒப்படைத்தேன். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், யாரையும் எளிதில் விடமாட்டார் என்று நினைத்தேன். ஐந்தாம் வாரம் ஒருநாள், பசி மயக்கத்தில் மாவுக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். வெந்து வந்ததும் அவர் ஒரு துண்டைக் கடித்து மென்று, கண்களை மூடி, "அருமை மாப்பிள்ளை, இந்த மாதிரி ஒரு ரொட்டி நீங்க போட்டதே இல்ல" என்றார். நூற்றிருபது ரொட்டி கடையைவிட்டுப் போன பிறகுதான், ரத்த அழுத்தத்துக்காக அவருக்கு உப்பை நிறுத்தி ஆறு வருஷம் ஆகிறது, அவருக்கு அதுதான் பழகிய ருசி என்பது என் மண்டையில் ஏறியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பார்கள். அன்று மாலை தெருக் குப்பைத் தொட்டியில் நானே போய்ப் பார்த்தேன்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வேன். நான் தாங்காமல் போனது முதல் துண்டு விஷயத்தில். கடையைத் திறந்ததும் முதல் ரொட்டியை வரிசையில் நிற்பவர்கள் எதிரே வெட்டி, முதல் துண்டை நானே தின்றுவிட்டுத்தான் வியாபாரம் தொடங்குவேன் என்பது உனக்குத் தெரியும். டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாளே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. சில வாரம் வெட்டி, வாயில் போடுகிற மாதிரியும் மெல்லுகிற மாதிரியும் நடித்து ஓட்டினேன். உப்பில்லாத ரொட்டி வெளியே போன மறுநாள் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். எதிர்க்கடைத் தையல்காரர், கழுத்தில் டேப்போடு, வரிசையில் முதல் ஆள். "என்ன மாஸ்டர், இன்னைக்கு நீங்க சாப்பிடலையா?" என்றார். உன் நோய் விஷயம் வெளியே தெரியக்கூடாது என்று நீ என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். பொய் சொல்லவும் எனக்கு வராது. வாயில் வந்ததைச் சொன்னேன்: "வயிறு சரியில்லைங்க."

கையில் ரொட்டியை வைத்துக்கொண்டு, வாங்க வந்தவர்களிடம், வயிறு சரியில்லை என்று சொன்ன ரொட்டிக்கடைக்காரன் இந்த உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வரிசையில் பாதி அங்கேயே கரைந்தது. மாலைக்குள், போடுகிறவனே தின்னமாட்டேன் என்கிறான், மாவில் ஏதோ இருக்கிறது என்று தெரு முழுக்கப் பேச்சு. மறுவாரம் சுகாதார ஆய்வாளர் வந்துவிட்டார். மாவு மூட்டையை முகர்ந்தார், மாவு பிசையும் தொட்டியைத் தட்டினார், அடுப்புக்குள் டார்ச் அடித்தார், ஒரு குறையும் கிடைக்கவில்லை. கடைசியில் ஒரு பன்னை எடுத்து என்னிடம் நீட்டி, "எங்க, நீங்களே ஒரு வாய் சாப்பிடுங்க பாப்போம்" என்றார். அக்கா, முப்பத்தெட்டு நாளுக்குப் பிறகு, சூடாக, மேலே வெண்ணெய் தடவின பன், அரசாங்க உத்தரவோடு மூக்குக்கு நேரே வருகிறது. அதைவிடப் பெரிய சாக்கு எவனுக்குக் கிடைக்கும்? உன் முகம் ஞாபகம் வந்து தொலைத்தது. "முடியாதுங்க" என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அதன்பிறகு ஒரு மாதம் அலமாரியில் ரொட்டி காய்ந்தது உண்மை. அந்த நாட்களில்தான் உன் தம்பி மனைவி உன்னிடம் போனில் அழுதிருக்கிறாள். நீ பிடித்துக்கொண்டிருப்பது அந்தப் பழைய செய்தியை.

மூன்று வாரத்துக்கு முன் நடந்ததைக் கேள். காலையில் வரிசை என்று சொல்ல ஏழெட்டுப் பேர். தையல்காரர் மறுபடியும், "இன்னும் வயிறு சரியாகலையா மாஸ்டர்?" என்று ஆரம்பித்தார். உள்ளே தட்டு துடைத்துக்கொண்டிருந்த என் மனைவி கையைத் துடைத்தபடி வெளியே வந்தாள். "அவரு ரொட்டி திங்காதது ரொட்டியில கோளாறு இருந்து இல்ல. அவரு ஈரல்ல பாதி அவங்க அக்காவுது. அடுத்தவங்க பொருள் கெட்டுடக் கூடாதுன்னு பத்திரமா வச்சிருக்காரு. இதுக்கு மேல யாரும் கேக்காதீங்க" என்றாள். நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன், நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று பயம். தையல்காரர் டேப்பைக் கழற்றிப் பையில் வைத்துவிட்டு, "அப்ப முதல் துண்டை நான் சாப்பிடறேன். வெட்டுங்க" என்றார். சத்தியத்தை மீறியது நான் அல்ல, அவள். கோபப்படுவதானால் அவளைக் கோபித்துக்கொள். என்னால் முடியவில்லை.

அன்று முதல் என் சார்பில் தெருவில் ஒருவர் தினம் முதல் துண்டைத் தின்கிறார். முறை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். சலவைக்கடைக்காரம்மாவும் பள்ளிக்கூடக் காவலாளியும் செவ்வாய்க்கிழமை யாருடையது என்று சண்டைகூடப் போட்டார்கள். ஆய்வாளரும் ஒருநாள் பெயர் கொடுத்துவிட்டுப் போனார். வரிசை இப்போது தையல்கடை வாசல்வரை நிற்கிறது. எனக்குத்தான் நிம்மதி போயிற்று. கேக்குக்கு கிரீம் தடவும்போது கட்டைவிரலில் ஒட்டியதை யோசிக்காமல் வாய்க்குக் கொண்டுபோனேன், தெருவுக்கு அந்தப் பக்கமிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, "மாஸ்டர், விரலைக் கழுவுங்க" என்று தையல்காரர் கத்தினார். கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. கழுவினேன். அவரே என் இரண்டு பேண்டையும் இடுப்பில் நாலு இஞ்ச் பிடித்துத் தைத்துக் கொடுத்தார், திரும்பப் பெரிசு பண்ணித் தரமாட்டேன் என்ற நிபந்தனையோடு.

இவ்வளவும் சொன்னதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அம்மா நமக்கு ஒரே பன் வாங்கித் தருவாளே, ஞாபகம் இருக்கிறதா? வெட்டுகிறவர் கடைசியில் எடுக்க வேண்டும் என்பது அவள் போட்ட விதி. எப்போதும் நீதான் வெட்டுவாய். ஒருமுறைகூட நடுவில் வெட்டியதில்லை. ஒரு துண்டு பெரிசு, ஒரு துண்டு சிறிசு. நான் பாய்ந்து பெரிசை எடுத்துக்கொண்டு, அக்காவுக்கு வெட்டத் தெரியவில்லை என்று ஊரெல்லாம் சொல்லுவேன். போன வாரம் கடையில் ஒரு ரொட்டியை வெட்டும்போது கை அப்படியே நின்றுவிட்டது. கத்தி பிடிக்கத் தெரிந்த எவருக்கும் ஒரு பன்னின் நடு எங்கே என்று தெரியும் அக்கா. ஒருமுறை தவறலாம், பத்து வருஷம் தவறாது. எனக்கு நாற்பத்தெட்டு வயது, இதைப் புரிந்துகொள்ள இத்தனை ரொட்டி வெட்ட வேண்டியிருந்தது. டாக்டரம்மா கணக்குப்படி ஈரலில் நூற்றுக்கு அறுபது பங்கு உனக்கு, நாற்பது எனக்கு. வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பெரிய துண்டு உன் பக்கம் வருகிறது. அதைத்தான் வேண்டாம் என்கிறாய். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஆபரேஷனுக்கு இல்லை. நீ இல்லாமல் போனால், எனக்குக் கொழுப்பு என்று சொல்ல ஆளே இருக்காது.

ஆகையால் இறுதியாகச் சொல்லிவிடுகிறேன். சம்மதம் என்று உன் கையால் எழுதிய பதில் வரும்வரை நான் அந்த ஊர்ப் பக்கம் காலெடுத்து வைக்கமாட்டேன், ஸ்கேனுக்கும் போகமாட்டேன், உன்னோடு பேசவும் மாட்டேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல். உன் மகள் அழக்கூடாது, மாமா ரொட்டி அனுப்புவேன் என்று சொல். என் வீட்டார் எல்லோரும் உன் உடம்பை விசாரித்தார்கள், என் ஈரலும் உன்னைத் தனியாக விசாரித்தது. நீ நீண்ட நாள் இருந்து என்னைத் திட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பதினோரு கிலோ குறைந்தும் உனக்கு இன்னும்
குண்டுப்பயல்

பி.கு. மேலே எழுதிய மிரட்டலையெல்லாம் அடித்துவிடு. தபாலில் போட்டால் மூன்று நாள் ஆகும், பஸ்ஸில் ஆறு மணி நேரம்தான் என்றாள் உன் தம்பி மனைவி. பஸ்ஸில் வந்துவிட்டேன். காலையில் கீழ்த்தளத்தில் ஸ்கேன் எடுத்தார்கள். கொழுப்பு நாலு சதவீதம். டாக்டரம்மா இந்த முறை பேனாவைக் கீழே வைக்கவில்லை, எடுக்கவும் இல்லை. நீ இன்னும் சரி சொல்லவில்லை என்பதால் ஆபரேஷன் தேதியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கடிதத்தோடு நர்ஸ் ஒரு காகிதப் பை கொடுத்திருப்பார். உள்ளே நேற்று போட்ட ஒரு பன், இரண்டு துண்டாக இருக்கும், ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு. முப்பது வருஷம் வெட்டிய கை, தவறி வெட்டவில்லை. சிறிசை எடுத்து வை, ஆபரேஷன் முடிந்து நான் தின்கிறேன், அதற்குள் கல்லாகிவிடும், பரவாயில்லை. கதவுக்கு வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறேன். இந்த முறை வெட்டியது நான். நீ எடு.