எனக்கு வலையே போதும், மாமா

அன்புள்ள மாமாவுக்கு,

மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவும் நானும் இங்கே சுகம். உங்கள் முழங்கால் வலியும் அத்தையின் கோபமும் இதற்குள் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

தினமும் சாயங்காலம் வந்து எனக்குப் பந்து எறிவதாகச் சொல்லியனுப்பியிருந்தீர்கள். வர வேண்டாம், மாமா. எங்கள் அச்சகத்தின் பேஸ்பால் அணியில் எனக்கு எப்படியும் ஓர் இடம் கிடைத்துவிடும். வீட்டின் பின்பக்கம், இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலை ஒன்றை வாங்கி நிறுத்தியிருக்கிறேன். எறிந்தால் எறிந்த வேகத்திலேயே பந்து திரும்பி வருகிறது. வலை குறுக்கே பேசுவதில்லை, கல்யாணப் பேச்சும் எடுப்பதில்லை.

ஆரம்பத்தில் சில சங்கடங்கள் இருந்தன, மறைக்கவில்லை. வலையை மல்லாத்தி வைத்துவிட்டதால் முதல் பந்து என் தலைக்கு மேலே பறந்து பக்கத்து வீட்டுத் தையல்காரர் கொடியில் போட்டிருந்த யாருடைய கோட்டிலோ போய் விழுந்தது, நிமிர்த்தி வைத்தால் அடுத்தது தாழ்வாக வந்து கணுக்காலைப் பதம் பார்த்தது, நொண்டிக்கொண்டே நகர்ந்து நின்று எறிந்தேன், அது சட்டத்தின் விளிம்பில் பட்டு அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே போய்விட்டது. அம்மா பந்தைக் கரண்டியில் ஏந்திக்கொண்டு வந்து, “ஏண்டி, இது வேகணுமா, வேண்டாமா?” என்று கேட்டார். தையல்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“யாருகூடம்மா சண்டை?”

“யாருகூடவும் இல்லைங்க. தனியாத்தான்.”

“அதான் கேக்குறேன்.”

இப்போது அப்படியில்லை. பந்து தானாகவே வந்து கையுறைக்குள் உட்காருகிறது.

நேற்று அணிக்கான தேர்வு. எங்கள் அணித்தலைவி பைண்டிங் அக்கா அடித்த பந்தைத் தரையோடு அள்ளி, முதல் பேஸில் நின்ற வேன் டிரைவர் அண்ணனுக்கு எறிந்தேன். அவர் கையை அசைக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. பிறகு நான் முழங்காலை மடக்கி, கையுறையை விரித்துக்கொண்டு, அதே பந்துக்காகக் காத்து நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அதற்குள் அக்கா அடித்த அடுத்த பந்து என்னைத் தாண்டி வேலிவரை உருண்டுவிட்டது.

“என்ன தங்கச்சி, நான் ஏதாவது தரணுமா?” என்றார் அண்ணன்.

“பந்து திரும்பி வரும்னு...”

“வராதும்மா!” அக்கா தலையில் அடித்துக்கொண்டார். “எறிஞ்சா போச்சு. அடுத்ததைப் பாரு!”

வெள்ளிக்கிழமை மறுபடியும் தேர்வு. அன்றும் இப்படி நின்றால், ஞாயிறு ஆட்டத்தில் எல்லோருக்கும் தண்ணீர் கொடுக்கும் பொறுப்பு எனக்கு.

இது சின்ன விஷயம், மாமா. எறிவதில் குறையில்லை, பிடிப்பதில் குறையில்லை. எறிந்த பிறகு என்ன செய்வது என்பது மட்டும்தான் பாக்கி. அதையும் வலையை வைத்தே பழகிக்கொள்வேன். யார் துணையும் தேவையில்லை.

அத்தைக்கு என் அன்பு. முழங்காலுக்கு ஓய்வு கொடுங்கள்.

இப்படிக்கு,
தன் கையையே நம்பும் மருமகள்

பி.கு.: காலையில் பழகிப் பார்த்தேன். எறிந்துவிட்டு அடுத்ததைப் பார்க்கத் திரும்பினேன், பந்து முதுகில் அடித்தது. ஆகவே இதைத் தபாலில் போடாமல் அம்மாவிடமே கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கு அவசியம் வந்துவிடுங்கள், நாற்காலி போட்டு வைக்கிறேன். எனக்கு இப்போது வேண்டியது, கைக்கு வந்ததைத் திருப்பிக் கொடுக்காத ஒரு ஆள். “அதுக்கு என் தம்பியை விட்டா வேற யாரு?” என்று உங்களைத்தான் சொல்கிறார் அம்மா. எங்கள் ஏணி, குடை, இஸ்திரிப் பெட்டி மூன்றும் உங்கள் வீட்டில்தான் இருக்கின்றனவாம்.