சம்பந்திகள் சார்ஜருக்குப் பொருத பரணி

வாழ்க ஒராஸ்பாய்! தராஸ் நகரின் தார்ச்சாலை தேய நடந்த தாளாளன், பேருந்தை வெறுத்த பெருந்தகை, அடியெண்ணுங் கடிகாரம் இலங்கும் இடங்கையன் வாழ்க! அவனோடு பொருத, முசிலிம் என்னும் பெயருடைய சம்பந்தியும் வாழ்க! பரணி என்பது தோற்றவன் பெயரால் பாடப்படுவது; இதில் யார் பெயரைப் போடுவது என்று எனக்கே குழப்பம்.

போரின் மூலம் கேளுங்கள். பேத்தி ஜிபெக் தத்தி நடக்கத் தொடங்கியிருந்தாள். அந்நாட்டு வழக்கப்படி அவள் கால்களை வண்ணக் கயிற்றால் கட்டி, நல்ல நடையுள்ள ஒருவர் அறுக்க வேண்டும். அறுத்தவர் நடைதான் பிள்ளைக்கு வரும். பேத்தி தன்னைப்போல் நடக்க வேண்டும் என்று ஒராஸ்பாய் ஏங்கினான். முசிலிமும் அதற்கே ஏங்கினான். வந்தது வினை.

முசிலிமின் மகளும் ஒராஸ்பாயின் மருமகளுமான ஐநாஷ், இருவர் கையிலும் ஆளுக்கொரு கடிகாரத்தைக் கட்டி ஆணையிட்டாள்:

"ஒரு வாரம் நடங்க. யாரு அதிகம் நடந்திருக்கீங்கன்னு வாட்ச் சொல்லும். அவங்கதான் கயிறு அறுக்கணும். சண்டை போட்டீங்க, ரெண்டு பேருக்கும் கிடையாது!"

அந்நாட்டில் விருந்தினர் கிண்ணத்தில் தேநீரைத் தளும்ப ஊற்றினால் 'எழுந்து போ' என்றல்லவா பொருள்? மணிக்கட்டில் குடிவந்த கடிகாரமும் விருந்தினரே என்று கொண்ட அப்பண்பாளன் ஒராஸ்பாய், ஒருநாளும் அதற்குப் பாதிக்குமேல் மின்னூட்டினானில்லை. நிரப்பினால் பேட்டரி கெடும் என்று யாரோ சொன்னது அவனுக்கு வேதவாக்காயிற்று. முசிலிமோ, வயிறு நிறையாத குதிரை வழியில் படுத்துவிடும் என்றஞ்சி, தன் கடிகாரத்தைச் சார்ஜரை விட்டு எடுத்தானேயில்லை.

திருநாளும் வந்தது. வெற்றிநடை போட்டு ஐநாஷின் எட்டாம் மாடி வீட்டுவாசலை மிதித்த ஒராஸ்பாயின் மணிக்கட்டில், அரைவயிற்றுக் கடிகாரம் கண்மூடியது. அவன் சார்ஜரோ ஊருக்கு அப்பால் தன் வீட்டில் கிடந்தது. இங்கிருந்த ஒரே சார்ஜரின்மேல், அரியணையேறிய அரசனென முசிலிமின் கடிகாரம் வீற்றிருந்தது. ஐநாஷ் அதை எடுத்துப் பார்த்தாள்.

"அப்பா, சார்ஜ் நூறு சதவீதம். நீங்க நடந்தது முப்பத்தெட்டு அடியா?"

"நான் ஊரையே சுத்தினேம்மா. வாட்ச்தான் கூட வரல. அது சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு."

"கேட்டீங்களா சம்பந்தி!" என்று முழங்கினான் ஒராஸ்பாய். "ஒரு வாய் கரண்டு குடுங்க, என் கணக்கு தெரியும்!"

"செத்தவன் சாட்சி செல்லாது, சம்பந்தி!" என்று சார்ஜரைப் பற்றினான் முசிலிம்.

அந்தோ! வெண்தாடி வெண்தாடியோடு உரச, பொரித்த பணியாரத் தட்டு பறக்க, குதிரையிறைச்சித் துண்டுகள் கம்பளமெங்கும் சிதற, ஒருவன் தலைப்புறமும் ஒருவன் வாற்புறமுமாய் அச்சார்ஜரை இழுத்த இழுப்பில் மேசை நடுங்கியது, சுற்றம் சுவரோடு ஒண்டியது, சண்டைக்குக் காரணமான ஜிபெக் மட்டும் கைகொட்டிச் சிரித்தாள். மின்வடம் எத்தனை நேரம் தாங்கும்? அறுந்தது. கிழவர் இருவரும் ஆளுக்குப் பாதியோடு கம்பளத்தில் விழுந்தார்கள். இருவர் கண்ணிலும் நீர் முட்டியது, பாவமாகத்தான் இருந்தது.

"இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் அறுத்தது போதும்!" என்று கத்தரிக்கோலை உயர்த்திய ஐநாஷ், வாசலில் கேக் பெட்டியோடு நின்ற பெண்ணைக் கண்டாள்.

"எட்டு மாடியும் படியேறியா வந்தே?"

"லிப்டுக்கு நின்னா லேட்டாயிடும்க்கா."

ஐநாஷ் நீட்டிய கத்தரிக்கோலால் அந்தப் பெண் ஜிபெக்கின் கயிற்றை அறுத்துவிட்டு அடுத்த கேக்கைக் கொடுக்கப் போனாள்.