கோளாறு எர்த்தில் இல்லை

வாசகர்களே, சாட்சிக் கூண்டில் ஏறி நின்று கேளுங்கள்! இவ்வுலகின் கோளாறுகள் அனைத்துக்கும் ஒரே காரணம் கண்ட மனிதர், எங்கள் திருக்கோகர்ணம் விடுதியின் ‘எர்த்து’ அண்ணன் ஒருவரே. சாம்பார் நீர்த்துப்போனாலும், கறம்பக்குடிப் பேருந்து வராமற்போனாலும் மின்கசிவை மண்ணுக்குள் இறக்கும் அந்த ஒயரின்மீதே பழிபோட்டு, அவர் தீர்ப்பு ஒன்றுதான்: “எர்த்து சரியில்லப்பா!” எனக்குக் காய்ச்சல் கண்டபோது செருப்பைக் கழற்றிவிட்டு ஈரமண்ணில் நிற்கச் சொன்னார். நின்றேன். காய்ச்சலோடு சளியும் சேர்ந்தது.

இறுதியாண்டுத் தேர்வுக்கென அவர் ஒரு ரோபோ செய்திருந்தார். நான்கு சக்கரம், நெற்றியில் மைக். மைக் பிடிக்கும் மெல்லிய ஒலியைப் பிரீஆம்ப் பெருக்கும். குரல் எழுந்து அடங்குவதை மைக்ரோகண்ட்ரோலர் கண்டுகொண்டால் வண்டி நகரும். நகராவிட்டால் அண்ணனின் பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும். அவரோ நால்வரைக் கண்டாலே நாவறண்டு முணுமுணுப்பவர். ஆகவே அதை அழைக்கும் பொறுப்பு, பேச்சுப்போட்டிக் கோப்பைகள் பல வென்ற என்னிடம் வந்து சேர்ந்தது.

தேர்வாளர் முன்னிலையில் முழங்கினேன்: “எழுந்து வா, எந்திரமே!”

அசையவில்லை. அண்ணன் மண்டியிட்டு எர்த் ஒயரைப் பிடுங்கினார், சுரண்டினார், மீண்டும் பற்றவைத்தார். நான் இன்னும் ஓங்கி முழங்கினேன். சன்னல் கண்ணாடி அதிர்ந்தது; சக்கரம் அதிரவில்லை.

“தம்பி, இது நகருமா, இல்ல நாங்க நகரட்டுமா?” என்றார் தேர்வாளர்.

அண்ணன் மடிக்கணினித் திரையை உற்றுப் பார்த்தார். மைக் பிடிக்கும் ஒலியைக் காட்டும் கோடு அதில் ஓடியது; விடுதியில் அவருடைய முணுமுணுப்புக்கு அலையலையாக ஆடிய அதே கோடு, என் முழக்கத்துக்கு உச்சியில் போய் முட்டி அங்கேயே நின்றுவிட்டிருந்தது. வாழ்நாள் கொள்கை சரிந்தவரைப்போல அவர் முகம் வெளிறியது.

“எர்த்து நல்லாத்தான்ப்பா இருக்கு. கோளாறு நீதான்!”

“நானா?”

“என் முனகலுக்குத் தக்கன, சத்தத்தப் பெருக்குற கெயினைக் கூட்டி வச்சிருக்கேன். நீ கத்துனா மேல முட்டிக்கிட்டு நிக்கிது. ஏறி எறங்குனாத்தானே அதுக்கு வெளங்கும்? மாத்த இப்ப நேரமில்ல. காதுல ரகசியம் சொல்ற மாதிரி கூப்பிடு.”

மேடையில் முழங்கிய வாய்க்கு ரகசியமா! மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு குனிந்தேன். “இங்கிட்டு வா...”

வந்தது. தேர்வாளரின் காலணியில் முட்டும்வரை வந்தது. அவர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் இட்டு எழுந்த பிறகுதான் நாங்கள் இருவரும் மூச்சு விட்டோம்.

வெளியே என் முகவாட்டத்தைக் கவனித்தார் அண்ணன். தோளில் கைபோட்டு, பிறந்ததுமுதல் முணுமுணுத்தே வந்த அந்த மனிதர், பேருந்து நிறுத்தமே திரும்பிப் பார்க்கும்படி உரக்கச் சொன்னார்:

“அடுத்த வண்டிக்கு ஒன் தொண்டையத் தாங்குற காது வச்சுத் தாரேன்ப்பா. நீ கொறைச்சுக்காத!”