போண்டாவுக்கு முன் வாசிக்கப்பட்ட மெயில்

இன்டர்நெட்டில் எழுதுவது எதுவும் ரகசியமில்லை என்று இப்போது பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும். எனக்கு அது, பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால்தான் தெரிந்தது.

இரண்டாயிரங்களின் நடுவில் ஒரு சனிக்கிழமை. செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஜெயசீலன் என்பவர் அப்பா அம்மாவோடு வருவதாக ஏற்பாடு. தாம்பரத்தில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலையாம். எனக்கு இஷ்டமே இல்லை. காலையிலேயே ஹால் கம்ப்யூட்டரில் தோழிக்கு ஒரு மெயில் தட்டினேன். அதையே காப்பி செய்து இன்னும் இரண்டு பேருக்கு அனுப்பிவிட்டு, கம்ப்யூட்டரை அணைக்காமல் புடவை கட்டப் போய்விட்டேன். (மகா புத்திசாலி!)

வந்தவர் என்னைவிடக் கம்ப்யூட்டரைத்தான் அதிகம் பார்த்தார்.

"இந்த பிரௌசர்ல ஒரு ஓட்டை இருக்குங்க. ஒரு சைட்ல நீங்க காப்பி பண்ணத வேற எந்த சைட்டும் உருவிடலாம்."

நானும் கம்ப்யூட்டர் படித்தவளாயிற்றே! "அதெப்படிங்க? மெயிலுக்குப் பாஸ்வேர்டு இருக்கே" என்றேன், எல்லார் முன்னாலும்.

"காட்டட்டுமா?"

ஏதோ ஒரு சோதனைப் பக்கத்தைத் திறந்தார். அவ்வளவுதான். திரையில் கொட்டை எழுத்தில் என் மெயில்!

மவுஸைப் பிடுங்கக் கை நீட்டினேன். அதற்குள் அவருடைய அப்பா, ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், சபையில் வேதபாடம் வாசிக்கும் அதே குரலில் ஆரம்பித்துவிட்டார்.

"'இன்னிக்கு ஒருத்தன் பொண்ணு பாக்க வர்றான்டி. போட்டோவுல காதுதான் தெரியுது, மூஞ்சியக் காணோம். போண்டா தின்னுட்டுப் போகட்டும். வேணாம்னு சொல்லிடப் போறேன்.'"

போண்டாத் தட்டோடு வந்த அம்மா சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டார். என் அப்பா சுவரிலிருந்த இயேசு படத்தைப் பார்த்தார். செம்பாக்கம் ஏரியில் போய் விழுந்துவிடலாமா என்று தோன்றியது எனக்கு. (கோடைக்காலம். முழங்கால் தண்ணீர்கூட இருந்திருக்காது.)

ஜெயசீலன் மட்டும் துள்ளினார். "வந்துச்சா! பாத்தீங்களா? நான் சொன்னேன்ல!"

வாசித்ததில் ஒரு வார்த்தைகூட அவருக்குள் ஏறவில்லை. செட்டிங்ஸுக்குப் போய் ஓட்டையை அடைத்துவிட்டு, நிதானமாகத் திரையைப் படித்தார். காதுகள் சிவந்தன. (பெரிய காதுகள்தான், பொய்யில்லை.)

பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "ஆன்ட்டி, அந்த போண்டாவக் குடுங்க. அதுக்கு மட்டும் பர்மிஷன் கெடச்சிருக்கு."

எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். நானும் மறுக்கவில்லை.

இன்றும் கீழ்க்கட்டளையில் என் புகுந்த வீட்டில் நான் போனில் குரலைத் தாழ்த்தினால் போதும், மாமனார் பேப்பரை மடித்து வைத்துவிடுவார்.

"சத்தமாவே பேசும்மா. எப்படியும் கடைசியில நான்தான் வாசிக்கணும்."