மெத்தைக்குத் தார் பூசிய கதை

தப்பை ஒப்புக்கொண்டால் பாதிப் பாவம் போய்விடும் என்பார்கள். எனக்கு அந்தப் பாதி வேண்டாம். எங்கள் வீட்டு மெத்தைக்குத் தார் பூசியவன் நான்தான். அது அன்றைக்கும் சரியான யோசனை, இன்றைக்கும் சரியான யோசனை. நடுவில் நடந்த ஒரே ஒரு அசம்பாவிதத்தை வைத்துக்கொண்டு நாற்பது வருஷமாக என்னைக் கேலி செய்கிறார்கள்.

(மெத்தை என்றால் படுக்கிற மெத்தை இல்லை. திண்டிவனம் பக்கத்தில் மொட்டை மாடிக்கு அதுதான் பெயர்.)

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எனக்கு இருபத்து நாலு வயது. விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. வாரம் முழுக்க அங்கே. சனிக்கிழமை ரயிலேறித் திண்டிவனம் வந்துவிடுவேன். அந்த ஐப்பசி மழையில் எங்கள் மெத்தை ஒழுகியது கொஞ்சநஞ்சமல்ல. என் அப்பா, அதாவது நைனா, இலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டுதான் சாப்பிட்டார்.

மழை விட்டதும் நைனா கொத்தனாரைக் கூப்பிட்டார். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் போட்டு, பத்து நாள் கட்டையால் தட்ட வேண்டும் என்றார் கொத்தனார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மெத்தைக்குக் கஷாயமா வைக்கிறீங்க நைனா?"

"ஆமாண்டா, சளி புடிச்சிக்கினு ஒழுவுது இல்ல?"

நான் வேறொன்று நினைத்து வைத்திருந்தேன். அப்போது பெரிய ரோட்டுக்குத் தார் போட்டுக்கொண்டிருந்தார்கள். மழை பெய்தால் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்காமல் ஓரமாக ஓடிப்போனது. ரோட்டுக்குள் இறங்காத தண்ணீர் வீட்டுக்குள் எப்படி இறங்கும்? (வக்கீல் குமாஸ்தா அல்லவா, எதிலும் ஒரு பாயிண்ட்.)

"ஊட்டு மேல ரோடு போடறியா? கரி பஸ்ஸு வுடப் போறியா?" என்றார் நைனா. (பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிப்புகையில் ஓடிய காலம் அது.)

"ஒரு சொட்டு ஒழுவிச்சின்னா இந்த ஊட்ல நான் கை நனைக்கமாட்டேன்!"

கல்யாணமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. கெடாரிலிருந்து வந்த என் மனைவி செண்பகம் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். சபதத்தைச் சற்று உரக்கவே போட்டேன்.

தை மாதம் ரோட்டு மேஸ்திரியிடம் மீந்துபோன ஒரு பீப்பாய் தாரை வாங்கினேன். நல்ல மனுஷன், ஒரு வார்த்தை சொன்னார்: "தம்பி, சூட்டோட சூடா மேல மணலை வாரித் தூவிடுங்க. இல்லாங்காட்டி வெயில்ல இளவிக்கும், அப்புறம் பேஜாரு."

தாரைக் காய்ச்சி மெத்தை முழுக்கப் பூசினேன். மணல் தூவினேனா? இல்லை. புதுச் செருப்பு மாதிரி அத்தனை பளபளப்பு! அதன் மேல் மண்ணை வாரிப் போட எனக்கு மனசு வரவில்லை. முப்பது குடம் தண்ணீர் கொட்டிச் சோதித்தோம். கீழே ஒரு சொட்டு இல்லை. நைனா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். நான் ஒரு வாரம் தரையில் நடக்கவே இல்லை.

சித்திரையில் ஒருநாள் மத்தியானம் மேலே போனேன். பெருவிரல் அழுந்திய இடத்தில் பள்ளம் விழுந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. (இதை மட்டும் வேண்டுமானால் தப்பு என்று சொல்லிக்கொள்ளுங்கள்.)

ஆனி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. ரயிலிறங்கி வந்து பார்த்தால் நைனா ஏணிப்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார். விதைப்புக்கு எடுத்து வைத்திருந்த மல்லாட்டை நாலு மூட்டையையும் காலையில் மெத்தையில் காயப் போட்டிருக்கிறார். (மல்லாட்டை என்றால் வேர்க்கடலை.) வழக்கமாகப் போடுகிற இடம்தானே! உச்சி வெயிலில் தார் இளகி, அத்தனையையும் பாதி உடம்பு வரைக்கும் விழுங்கி உட்கார்ந்திருந்தது.

"அள்ளிடலாம் நைனா, ஜல்தியா ஒரு கூடை குடுங்க" என்று வீரமாக ஏறினேன். நாலடி வைத்தேன். ஐந்தாவது அடிக்குக் கால் வந்தது, செருப்பு வரவில்லை. அடுத்ததற்குக் காலும் வரவில்லை. செண்பகம் கோணிப்பையை விரித்துப் போட்டு, என் கையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள்.

நைனா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "ஆடிக்கு வெதை இல்லடா. கடனுக்குக் கேட்டாலும் இந்த யுத்தத்துல எவங்கிட்ட இருக்குது?" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்குப் பாயிண்ட் எதுவும் தோன்றவில்லை. வெட்கத்தில் செத்துப்போனேன்.

செண்பகம்தான் பேசினாள். "மாமா, தாரு புடிச்சது தோலைத்தானே? உள்ள இருக்கிற பருப்புக்கு இன்னா ஆச்சு? விடிகாலைல தாரு இறுகிக்கும். மேலயே குந்திக்கினு ஒடைச்சிடலாம்."

நாலு நாள் விடிகாலையில் மூன்று பேரும் மெத்தையில் தவழ்ந்தோம். மேல்தோலை நகத்தால் பிளந்து பருப்பை எடுக்க வேண்டும். அடித்தோல் தாரிலேயே கிடக்கும். வக்கீலுக்குக் காய்ச்சல் என்று தந்தி கொடுத்தேன். (காய்ச்சல் எனக்கு என்று கொடுக்க வேண்டியது, அவசரத்தில் அப்படிப் போய்விட்டது.) உடைத்த விதை ரொம்ப நாள் தாங்காது. நைனா வானத்தைப் பார்த்தபடியே இருந்தார். ஆடி பிறந்த மூன்றாம் நாள் கொட்டியது பாருங்கள் ஒரு மழை! ஈரம் காய்வதற்குள் விதைத்து முடித்தோம். முளைப்பு ஒன்றும் குறையவில்லை.

அன்றைக்குத்தான் கவனித்தோம், வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. மெத்தை முழுக்க மல்லாட்டைத் தோல் பதிந்து, தாருக்கு மேல் இன்னொரு தளமாக இறுகிப்போயிருந்தது. அடுத்த சித்திரை வெயிலுக்கும் அது அசையவில்லை. என் சபதம் நின்றது!

பாராட்டு? அது நைனாவுக்குப் போனது. மெத்தை ஒழுகுகிறது என்று எவராவது வந்தால், "மொதல்ல தாரு, அப்பால மல்லாட்டைத் தோலு. நம்ம கைமுறை" என்று கூசாமல் சொல்வார். அவர் போன பிறகும் கேலி நிற்கவில்லை. இன்றைக்கும் எங்கள் வீட்டில் மல்லாட்டை அவித்தால், பேரன் பேத்திகள் உட்பட எல்லோருமாகத் தோலை என் மடியில் கொட்டி, "குப்பையில போடாதீங்க, மெத்தைக்கு ஆவும்!" என்று கத்துகிறார்கள். செண்பகமும் சேர்ந்துகொள்கிறாள்.

கத்தட்டும். ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால், அத்தனை பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து படுப்பது என் மெத்தைக்குக் கீழேதான்.